ஏர் ரைஃபிள் வாங்குமுன் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள்: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) சுட ஆரம்பித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். வீட்டில் யாருக்கும் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் செய்தோம், சொன்னவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். அந்த மீதிப் பாதிக்கு நாங்கள் கொடுத்த விலை நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல், அதோடு என் மகள் ஆறு மாதம் உழைத்துத் தயாரான ஒரு போட்டி. உங்கள் பிள்ளைக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பேரலையும் டிரிகரையும் மரப்பிடியையும் பார்த்து விலை பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இந்த வகைத் துப்பாக்கியில் பேரல் அவ்வளவு எளிதில் கெடாது. கெடுவது காற்று போகும் பாதை: காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர், அழுத்தத்தை அளந்து கொடுக்கும் ரெகுலேட்டர், வால்வு, இவற்றுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் வளையங்கள். பணம் போவதும் நாள் போவதும் அங்கேதான். அதனால் மற்றவற்றைச் சுருக்கமாகவும் காற்றைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

1. முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

கிளப்பில் சேருங்கள், கிளப் துப்பாக்கியில் சுடட்டும். சேரும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பள்ளியிலிருந்து போனஃபைடு சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எல்லாவற்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துவிடுங்கள். கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஷூட்டர் அடையாள அட்டை என்று ஒவ்வொரு படியிலும் இதே தாள்கள்தான் திரும்பத் திரும்பத் தேவைப்படும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எங்களுக்கு இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தது. அதைத் திருத்தவே ஒரு மாதம் ஆனது.

இந்த மூன்று மாதத்தில் இன்னொன்றும் தெரிய வேண்டும்: பிள்ளையின் எந்தக் கண் முந்துகிறது? இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் முக்கோணத்துக்குள் நிற்கிறதோ அதுதான் முந்துகிற கண். வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கும் இடது கண் முந்தலாம். துப்பாக்கியின் பிடி வலது, இடது என்று தனித்தனியாக வரும். வாங்கிய பிறகு இது தெரிந்தால் பிடியை மாற்றுவது பெரிய செலவு.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கடையில் மூன்று வகை சொல்வார்கள்.

ஸ்பிரிங் வகையில் பேரலை மடக்கினாலோ பக்கத்தில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினாலோ உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும். டிரிகரை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் காற்றை நசுக்கி, அந்தக் காற்று பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். சிலிண்டரும் வேண்டாம், பம்பும் வேண்டாம். தொடங்குவதற்கும் ஓப்பன் சைட் (வளையமோ லென்ஸோ இல்லாத எளிய குறிபார்ப்பான்) பிரிவில் சுடுவதற்கும் இது போதும். பெல்லட் போடாமல் மட்டும் சுடாதீர்கள். முன்னால் தடை இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் அறையின் முனையில் பலமாக மோதும். இறுக்கிய நிலையில் மணிக்கணக்கில் வைக்கவும் கூடாது, ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

கேஸ் ராம் வகையில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, கேஸ் அடைத்த மூடிய குழாய் ஒன்று இருக்கும். ஸ்பிரிங்போல் தளராது, ஆனால் சீல் கசிந்தால் மொத்தத்தையும் மாற்ற வேண்டியதுதான். போட்டிக்குத் தயாராகிற பிள்ளைக்கு இது தேவையில்லை.

மூன்றாவது, பிசிபி, அதாவது முன்கூட்டியே காற்றை நிரப்பி வைத்துச் சுடும் வகை. போட்டித் துப்பாக்கிகள் இப்போது பெரும்பாலும் இதுதான். பேரலுக்குக் கீழே ஒரு சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. அந்தக் காற்று நேராகப் பெல்லட்டுக்குப் போவதில்லை. நடுவில் ரெகுலேட்டர் என்ற சின்ன அறை இருக்கிறது. சிலிண்டரில் 200 இருந்தாலும் 120 இருந்தாலும், அது தனக்கு வைத்த ஒரே அளவுக்குத்தான் காற்றை இறக்கிக் கொடுக்கும். டிரிகரை அழுத்தினால் ஒரு சுத்தியல் வால்வைத் தட்டும், அளந்த காற்று வெளியேறும், சுமார் அரை கிராம் எடையுள்ள பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் அளவில் கிளம்பும்.

எங்கள் பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்தவர். ரெகுலேட்டர் எதற்கு என்று நான் கேட்டபோது அவர் ராணுவ ரைஃபிளை வைத்து விளக்கினார். கேஸால் இயங்கி, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில், பேரலில் ஒரு சின்னத் துளை இருக்கும். தோட்டா அதைத் தாண்டியதும் பின்னால் வரும் கேஸில் ஒரு பங்கு அந்தத் துளை வழியாகத் திரும்பி வந்து, அறையைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும். துளை, தோட்டா இருக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் கேஸ் அதிக அழுத்தத்தோடும் சூட்டோடும் வந்து அடிக்கும். போல்ட் அவசரமாகத் திறக்கும், தோட்டாக் கூடு அறையில் இறுகி இருக்கும்போதே இழுபடும், பாகங்கள் சீக்கிரம் தேயும். துளை தள்ளி இருந்தால் அடி மெதுவாகும். ஆனால் துளைக்கு அப்பால் பேரல் கொஞ்சம்தான் மீதி என்றால், தோட்டா வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும், போல்ட் முழுதாகப் பின்னால் வர அந்த நேரம் போதாது. "அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம்? இந்த இரண்டையும் சரியாக அளந்து கொடுத்தால் துப்பாக்கி நம்மைக் கைவிடாது. கூடினால் தேயும், குறைந்தால் திணறும்" என்றார். ஏர் ரைஃபிள் தானே குண்டேற்றுவதில்லை, ஒவ்வொரு பெல்லட்டும் கையால் போடுவதுதான். ஆனாலும் அந்தக் கணக்கு இங்கே ரெகுலேட்டரிடம் இருக்கிறது. அதனால்தான் அதற்குப் போகும் காற்று சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறேன்.

3. சட்டமும் தாள்களும்

ஆயுத விதிகள் 2016-இன்படி, பேரல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் இதில் பாதிகூட இருக்காது. 5.5 மில்லிமீட்டர் வகைக்கு உரிமம் வேண்டும். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று யாராவது அதைத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள்.

உரிமம் வேண்டாம் என்பதற்காகத் தாளே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆதார் நகல், முகவரிச் சான்று, படம் கொடுத்து, வரிசை எண் அச்சிட்ட பில்லைப் பெரியவர் பெயரில் வாங்குங்கள். அந்தப் பில்லும் ஷூட்டர் அட்டையும் கிளப் கடிதமும் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே ஒரு நகலாக இருக்கட்டும். இரவு நேரத்தில் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் இந்த மூன்று தாளும் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும்.

ஏற்காட்டுப் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவை, அணில், குரங்கு எதன்மீதும் இதைக் குறிவைக்க விடாதீர்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஏர் கன்னுக்கும் பொருந்தும். மயில் அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. பிள்ளையின் எதிர்காலமே போய்விடும்.

4. பழைய துப்பாக்கி வாங்கினால்: சிலிண்டரின் தேதி

நான் விழுந்த பள்ளம் இது.

2023-இல் வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக 1,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். பேரல் பளபளப்பாக இருந்தது, டிரிகர் வெண்ணெய் மாதிரி. மகளும் அதில் நன்றாகச் சுட்டாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெளியூரில் ஒரு போட்டி. சுடுவதற்கு முன்னால் உபகரணச் சோதனை நடக்கும். மேசைக்குப் பின்னால் இருந்தவர் துப்பாக்கியை எடை போட்டார், ஜாக்கெட்டின் தடிமனை அளந்தார், எல்லாம் சரி. அப்புறம் சிலிண்டரைக் கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினார். ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கே ஒட்டியிருந்த கிளப் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் உரித்தார். அடியில் பொறித்திருந்தது: 06/14. "ஜூன் மாதமே பத்து வருடம் முடிந்துவிட்டதே அம்மா" என்று என் மகளிடம்தான் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியும்.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்ச ஆயுள் பத்து வருடம், அதைக் கவனிப்பது போட்டியாளரின் பொறுப்பு. இது வெறும் காகித விதியும் அல்ல. மெல்லிய அலுமினியச் சுவர் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கொஞ்சம் விரிந்து, காலியாகும்போது சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை அப்படி ஆன உலோகத்தை 200 பாரில் ஒரு பிள்ளை கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது.

அதனால் பழையது பார்க்கப் போகும்போது இந்த வரிசையில் செய்யுங்கள்:

சிலிண்டரைக் கழற்றி முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மாதமும் வருடமும் பொறித்திருக்கும். சில கம்பெனிகள் தயாரித்த தேதியைப் போடும், சில கம்பெனிகள் காலாவதித் தேதியைப் போடும். எது என்று அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், பள்ளமோ ஆழமான கீறலோ இருந்தால் வேண்டாம்.

நான்கு வருடத்துக்குக் குறைவாக மீதி இருந்தால், புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். எங்களுக்குப் புது சிலிண்டர் 28,000 ரூபாய் ஆனது, வந்து சேர ஏழு வாரம். வேறு கம்பெனி சிலிண்டர் பொருந்தும் என்பார்கள். திருகு ஒத்துப்போனாலும் உள்ளே வால்வு ஊசியின் நீளம் மாறலாம், நம்பாதீர்கள்.

முழுப் பணத்தையும் உடனே கொடுக்காதீர்கள். 200 பார் நிரப்பி, மணியையும் அறையின் வெப்பத்தையும் எழுதி, மறுநாள் அதே நேரத்தில் அதே அறையில் அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். ஒரே வெப்பத்தில் முள் இறங்கியிருந்தால் கசிவு உண்டு.

கடைசியாக, விற்பவரிடம் முதல் பில்லையும் இறக்குமதித் தாளின் நகலையும் கேளுங்கள். வரிச்சலுகையில் வந்த துப்பாக்கியாக இருந்தால், விற்பதற்குத் தடையாக ஏதும் நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கைமாறியதற்கு இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று, வரிசை எண்ணோடு.

5. காற்று எங்கிருந்து வரும்?

துப்பாக்கிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டயர் கடைக்காரர் 150 வரை போகும் என்பார். அது பி.எஸ்.ஐ. கணக்கு, சுமார் பத்து பார். நமக்கு வேண்டியது 200 பார், அதாவது ஏறக்குறைய 2,900 பி.எஸ்.ஐ. டயர் கம்ப்ரஸர் இதற்கு உதவாது.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. வெல்டிங் கேஸ், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் நிரப்பும் இடங்களில் அழுத்தம் இருக்கும், "நிரப்பித் தருகிறேன்" என்றும் யாராவது சொல்லக்கூடும். எனக்கு ஒருவர் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். அதிக அழுத்த ஆக்சிஜன், துளி கிரீஸ், வால்வு திறக்கும் நொடியில் எழும் சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் சிலிண்டர் வெடிக்கும். சாதாரணக் காற்று மட்டும்தான்.

அதற்கு மூன்று வழி இருக்கிறது. கைப்பம்பு, நாங்கள் வாங்கியது 9,000 ரூபாய். சைக்கிள் பம்பு மாதிரி நின்றுகொண்டு அடிப்பது. 100 பாரிலிருந்து 200-க்கு ஏற்ற நூறு அடிக்கு மேல் ஆகும், கடைசி முப்பது அடிக்கு உடம்பெடை முழுவதையும் போட வேண்டும். இரண்டாவது, சின்ன மின்சாரக் கம்ப்ரஸர். நாங்கள் ஒரு வருடம் கழித்து 27,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்றாவது, கிளப்பில் இருக்கும் பெரிய டேங்க். அது 12 லிட்டர், நம் சிலிண்டர் 0.2 லிட்டர் என்றால், டேங்கில் 200 பார் இருக்கும்போது பாதி காலியான நம் சிலிண்டர் ஏறக்குறைய அதே 200-க்கு ஏறிவிடும், டேங்கில் குறைவதே தெரியாது. கிளப்பில் அது இருந்தால் உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சம். டேங்கில் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் முத்திரையும் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஈரம். கைப்பம்போ கம்ப்ரஸரோ, இழுப்பது நம் வீட்டுக் காற்றைத்தான். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று உள்ளே போகிறது. மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், அந்த 40 லிட்டரில் சுமார் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அழுத்தும்போது அதில் பெரும்பகுதி நீராக மாறிவிடும். ஐந்து முறை நிரப்பினால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். கொஞ்சம் பம்பிலேயே தங்கும், மீதி சிலிண்டருக்குள் போய், அங்கிருந்து ரெகுலேட்டருக்கு வரும். எங்கள் ரெகுலேட்டரைப் பிரித்தபோது அதன் வடிகட்டித் தட்டில் வெள்ளையாக, சுண்ணாம்பு ஒட்டியதுபோல ஒரு படலம் இருந்தது. அலுமினியம் ஈரத்தில் அரித்த தூள் அது. அந்தத் தூளில் ஒரு துணுக்கு, வால்வு உட்கார்ந்து மூடும் இடமான இருக்கையில் சிக்கினால் போதும், கசிய ஆரம்பிக்கும்.

அதனால் பம்பின் காற்று நுழையும் வாயிலோ, கம்ப்ரஸருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலோ உலர்த்தி (ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் அடைத்த குழாய்) ஒன்றை வைத்தே நிரப்புங்கள். சிலிக்கா மணிகள் நிறம் மாறினால் அந்த வகைக்குச் சொன்னபடி சூடாக்கி உலர்த்தியோ புதிதாகவோ போடுங்கள். கைப்பம்பில் முப்பது, நாற்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி வடிகால் திருகைத் திறந்துவிடுங்கள். "புஸ்" என்று பனிபோல வருவதுதான் அந்தத் தண்ணீர்.

6. நிரப்பும் முறை

மெதுவாக நிரப்புங்கள், சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். சூட்டில் 200 காட்டிய முள் ஆறியதும் 187, 188-க்கு இறங்கும். புதியவர்கள் கசிவு என்று பயந்து மறுபடி ஏற்றுவார்கள். கையை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் நிறுத்துங்கள், பத்து நிமிடம் ஆறட்டும், பிறகு மீதியை ஏற்றுங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் எல்லைக்கு மேல் ஒரு பார்கூட வேண்டாம்.

திருகு இறுகினால் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் போடாதீர்கள். நசுக்கிய காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸ் மட்டும், ரப்பர் வளையத்தில் மினுமினுப்பு தெரிகிற அளவுக்கு. ஸ்பிரிங் வகையிலும் இதே கதைதான். உள்ளே எண்ணெய் போனால் சுடும்போது புகையும் பட்டாசுச் சத்தமும் வரும். "பவர் கூடிவிட்டது" என்று பையன்கள் சந்தோஷப்படுவார்கள், பிஸ்டன் சீல் கருகிக்கொண்டிருக்கும்.

7. வெயிலும் மலையும்

கோடை விடுமுறையில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டத்துக் குடோனில் பத்து நாள் பயிற்சிக்காக ஏற்காடு போனோம். அஸ்தம்பட்டியில் மதியம் 36 டிகிரி, முள் 200-இல் நின்றது. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, சாயங்காலம் குடோனில் பெட்டியைத் திறந்தால் 190-க்கும் கீழே. எனக்குக் கை நடுங்கியது. சோப்பு நீர் தடவினேன், ஒரு குமிழிகூட இல்லை. நம்பாமல் இணைப்பைக் கழற்றி ரப்பர் வளையத்தை மாற்றினேன், அப்போதும் அதே அளவுதான். பத்து நாள் கழித்து, நிரப்பிய சிலிண்டரோடு கீழே இறங்கினோம், முள் தானாக ஏறியது.

காரணம் வெப்பம் மட்டும்தான். மூடிய சிலிண்டரில் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். 36 டிகிரியில் 200 பார் என்றால் 20 டிகிரியில் சுமார் 190 தான் வரும். மலையில் நிரப்பிக்கொண்டு சமவெளிக்கு வருகிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஏற்காட்டில் 200 நிரப்பினால் சேலத்து வெயிலில் 210-ஐத் தாண்டும். அங்கே 185-இல் நிறுத்திவிடுங்கள். மே மாதம் கதவடைத்த காருக்குள் 60 டிகிரி போகும். வீட்டில் 30 டிகிரியில் நிரப்பிய 200, அங்கே 220 ஆகிவிடும். கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்குக்கூடச் சிலிண்டரைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மலையில் இன்னொரு தொல்லை, மூடுபனி. ஈரமான இரவுக்குப் பிறகு எஃகுப் பாகங்களில் காலையிலேயே பழுப்புப் புள்ளி வந்துவிடும். இரவில் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். குளிர்ந்த பெட்டியைக் கீழே கொண்டுவந்ததும் திறக்க வேண்டாம், அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி எல்லாப் பாகமும் வேர்க்கும்.

8. தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரெகுலேட்டர் ஒரே நாளில் கெடாது. முதல் அறிகுறி இப்படி வரும்: காலையில் சுடும் முதல் ஒன்றிரண்டு பெல்லட் மேலே போகும், அப்புறம் சரியாகிவிடும். இரவு முழுவதும் இருக்கையில் துளித்துளியாகக் கசிந்து, உள்ளே அழுத்தம் வைத்த அளவைத் தாண்டி ஏறியிருப்பதுதான் காரணம். பிள்ளை தன் தவறு என்று நினைத்துத் தோள் நிலையை மாற்ற ஆரம்பிக்கும். என் மகள் இரண்டு மாதம் அப்படிச் சிரமப்பட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கிளப்பில் வேகம் அளக்கும் கருவி இருந்தால் மாதம் ஒருமுறை பத்து பெல்லட் சுட்டு எழுதி வையுங்கள். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் வினாடிக்கு மூன்று, நான்கு மீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. ஐந்து மீட்டர் மாறினால் 10 மீட்டர் தூரத்தில் பெல்லட் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே போகும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி (பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து), ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10.5 என்ற மதிப்பெண் 10.1 ஆகிவிடும். அறுபது பெல்லட் சுடும் போட்டியில் இது எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இணைப்பில் இருக்கும் வெளி ரப்பர் வளையத்தை நீங்களே மாற்றலாம், வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டருக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். பம்பு செட் கடையில் அதே அளவில் வளையம் கிடைக்கும், அளவு ஒன்றானாலும் ரப்பரின் கடினம் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அந்தக் கம்பெனித் துப்பாக்கி தெரிந்த டெக்னீஷியனிடம் கம்பெனியின் சீல் கிட் போட்டு சர்வீஸ். எங்களுக்குக் கிட்டும் கூலியும் சேர்த்து 6,500, அனுப்பி வாங்க மூன்று வாரம். போட்டிகள் இல்லாத மாதத்தில் அனுப்புங்கள்.

வீட்டில் வைக்கும்போது சிலிண்டரை முழுக் காலியாகவும் வைக்காதீர்கள், 200-இலும் வைக்காதீர்கள். நூறுக்குப் பக்கம் இருந்தால் சீல்கள் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கும், தூசியும் போகாது. இன்னொன்று, பெல்லட் ஈயம். சுட்ட கையோடு சாப்பிடக் கூடாது, சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

9. வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது

விமானத்தில் நிரப்பிய சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள். காலி செய்து, கழற்றி, செக்-இன் பெட்டியில் தனியாக வைத்து, கவுன்ட்டரிலேயே விளையாட்டு ஆயுதம் என்று அறிவிக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். ரயிலிலும் காலியாகவே கொண்டுபோங்கள். காலி செய்ய அதற்கான திருகுக் கருவி துப்பாக்கியோடு வரும். அழுத்தம் இருக்கும்போது சிலிண்டரின் தலையைக் கழற்ற முயலவே வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, அரங்கில் நிரப்பும் இடம் எங்கே, அவர்களின் இணைப்பு நம் சிலிண்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருத்தும் பித்தளை அடாப்டர் கையில் இருக்கட்டும். எங்களுடையது 1,200 ரூபாய். அது இல்லாமல் அழுதுகொண்டு நின்ற ஒரு பையனுக்கு என் மகள் தன்னுடையதைக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

10. செலவும் காலமும்

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். துப்பாக்கி 1,40,000, புது சிலிண்டர் 28,000, பம்பு 9,000, பிறகு கம்ப்ரஸர் 27,000, ஜாக்கெட்டும் பேன்ட்டும் 22,000, ஷூவும் கையுறையும் 9,000. பெல்லட் 500 கொண்ட டின் பயிற்சி வகையில் 800 ரூபாய். நாளைக்கு 60 சுட்டால் ஒரு டின் எட்டு நாள் வரும், மாதம் நான்கு டின். முதலிலேயே இதெல்லாம் தெரிந்திருந்தால் பம்பு வாங்கியிருக்க மாட்டேன், சிலிண்டர் காசையும் விற்றவரிடமே குறைத்திருப்பேன்.

பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கிளப் துப்பாக்கியிலேயே ஒரு வருடம் சுடலாம். ஜாக்கெட்டும் ஷூவும் மட்டும் பிள்ளையின் அளவுக்கு வாங்குங்கள், வளரும் வயதென்றால் அதையும் பழையதாகவே வாங்குங்கள்.

நாள் கணக்கில் முக்கியமானது ஒன்றுதான். சிலிண்டரில் இருக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்னால் போனில் நினைவூட்டல் வைத்து, அன்றைக்கே புதியதுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். எங்கள் புது சிலிண்டரில் 09/24 என்று இருக்கிறது. 2034 மார்ச் மாதத்துக்கு நான் இப்போதே நினைவூட்டல் வைத்துவிட்டேன். பழையதை விற்கவில்லை. யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று காலி செய்து, திருகு முனையை அறுத்து, பழைய இரும்புக் கடையில் என் கண் முன்னால் நசுக்கச் சொன்னேன்.